சுவரில் பூஞ்சை, கீழே கடை, பின்னால் எலி: லண்டன் வாடகை வீட்டிலிருந்து கவுன்சிலிடம் எதை, எப்படிக் கேட்பது

ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் ஒரு தங்கை நீளமாக எழுதிக் கேட்டிருந்தார். சுருக்கம் இது. கணவருக்கு வேலை விசா. கோழிக்கறிக் கடைக்கு மேலே ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட். படுக்கையறைச் சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்து மெத்தை வரை இறங்கிவிட்டது. மூன்று வயதுக் குழந்தைக்கு இருமல் நிற்கவே இல்லை. ஓனரிடம் சொன்னால், "நீங்கள் நாள் முழுக்கக் கொதிக்கவைக்கிறீர்கள், ஜன்னலைத் திறங்கள்" என்கிறார். கீழ்க்கடையின் புகைபோக்கி மோட்டார் இரவு இரண்டு மணி வரை உறுமுகிறது. பின்பக்கச் சந்தில் எலி. கவுன்சிலில் "என்விரான்மென்டல் ஹெல்த்" என்று ஒரு பிரிவு இருக்கிறதாமே, அங்கே சொன்னால் நடவடிக்கை எடுப்பார்களா? ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவாரா? விசாவுக்கு ஏதாவது வருமா? கடைசியாக, வீட்டில் இட்லி மாவும் பொடியும் செய்து விற்கலாம் என்று ஒரு யோசனை, அதற்கும் இவர்கள்தான் வருவார்களா?

கிழக்கு லண்டனில் வாடகைப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் இடத்தில் பல வருடங்களாக மொழிபெயர்ப்பு உதவி செய்கிறேன். இதே கேள்விகள் மாறி மாறி வருகின்றன. எல்லோருக்கும் முதலில் தொண்டையை அடைப்பது விசா பயம்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் விசா நிபந்தனையில் "நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்", அதாவது பொது நிதி உதவி பெறக் கூடாது, என்று இருக்கும். அந்தப் பொது நிதி என்பது எது எது என்று குடிவரவு விதிகளில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். யூனிவர்சல் கிரெடிட், சைல்டு பெனிஃபிட், கவுன்சில் வீடு ஒதுக்கீடு, வீடற்றவர்களுக்கான உதவி போன்றவை அதில் உண்டு. வாடகை வீட்டைச் சுகாதார அதிகாரி வந்து பார்ப்பது அதில் இல்லை. குப்பை அள்ளுவதைப் போல, தெருவிளக்கு எரிவதைப் போல, அந்தப் பகுதியில் வாழும் எல்லோருக்குமான வேலை அது. நீங்கள் கட்டும் கவுன்சில் டாக்ஸில் நடக்கிற வேலையும்கூட. ஒரே ஒரு எச்சரிக்கை: "எங்களுக்கு வேறு வீடு கொடுங்கள்" என்று எழுதினால் அது வேறு பிரிவுக்குப் போகும், அங்கே பொது நிதிப் பேச்சு வரும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு வீடு அல்ல. இந்த வீட்டை வந்து பார்க்கச் சொல்வது.

சரி, யார் இவர்கள்? நம்மூர் நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் இருப்பாரே, அவருடைய இங்கிலாந்துப் பங்காளி. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு பி.எச்.ஐ. என்றால் சட்டென்று புரியும். இரண்டும் இங்கே இருந்த பெயர்கள்தான். லிவர்பூல் நகரம் 1844-ல் தாமஸ் ஃப்ரெஷ் என்பவரை, துர்நாற்றமும் கழிவும் எங்கே என்று தேடிப் பார்க்க வேலைக்கு வைத்தது. அப்போது அந்தப் பதவிக்கு "இன்ஸ்பெக்டர் ஆஃப் நியூசன்ஸஸ்" என்று பெயர். அப்புறம் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆனது, 1956-ல் பப்ளிக் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆனது, 1974-ல் என்விரான்மென்டல் ஹெல்த் ஆபீசர் ஆனது. இங்கே விட்டுவிட்ட பழைய பெயர்களைத்தான் தமிழ்நாடும் இலங்கையும் இன்னும் வைத்திருக்கின்றன. காலராவையும் ஈரச் சுவரையும் விரட்டப் பிறந்த வேலை இது. ஆகவே உங்கள் படுக்கையறைச் சுவர் அவர்களுக்குச் சின்ன விஷயமாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம்.

இப்போது பூஞ்சைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மிக அவசரமானது இதுதான்.

"சமைக்கிறீர்கள், அதனால் வருகிறது" என்று ஓனர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை வைத்துத்தான் ஆளை மடக்குகிறார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்ச் சொம்பு மேலெல்லாம் முத்து முத்தாக வியர்க்கும் அல்லவா? காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த இடத்தில் பட்டால் தண்ணீராகிவிடும். உங்கள் வீட்டில் அந்தச் சொம்பு, வெளிப்பக்கச் சுவர். கிழக்கு லண்டனின் பழைய செங்கல் கட்டடங்களில் பெரும்பாலும் இடைவெளி இல்லாத ஒற்றைச் சுவர், உள்ளே குளிர்காப்பு எதுவும் கிடையாது. ஜனவரியில் அந்தச் சுவரைத் தொட்டால் கை விறைக்கும். சமைப்பதும் குளிப்பதும் துணி காயவைப்பதும் மனிதர்கள் எல்லா வீட்டிலும் செய்வதுதான். சமையலறையில் நீராவியை வெளியே தள்ளும் ஃபேன் வேலை செய்கிறதா, சூடாக்கும் வசதி கட்டுப்படியாகிறதா, சுவர் இவ்வளவு குளிர்வது ஏன் என்பதெல்லாம் வீட்டின் குறைகள். அதிகாரி கணக்குப் போடுவது அவற்றைத்தான்.

ஈரம் எல்லாமே நீராவியாலும் வருவதில்லை. நீங்களே கொஞ்சம் பாருங்கள். ஜன்னலைச் சுற்றியும், அலமாரிக்குப் பின்னாலும், வெளிச்சுவர் மூலைகளிலும் கறுப்புப் புள்ளி புள்ளியாக வந்து, குளிர்காலத்தில் கூடினால் அது பெரும்பாலும் நீராவி. மழை பெய்த மறுநாள் ஒரே இடத்தில் திட்டு கறுத்து, ஓரத்தில் பழுப்பாகக் கோடு விழுந்தால் வெளியிலிருந்து தண்ணீர் கசிகிறது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை மட்டும் ஈரம் ஏறி, உப்புப் பூத்தாற்போல் வெள்ளை படிந்தால் அடித்தள ஈரம். மாடி வீட்டுக்கு மூன்றாவது வராது.

ஒருமுறை ஒரு குடும்பத்துக்காக மொழிபெயர்க்கப் போயிருந்தேன். அங்கேயும் ஓனர், "குக்கர் வைக்கிறார்கள், அதனால்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வந்த அதிகாரி உள்ளே நுழையும் முன் தெருவுக்குப் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். கூரையோரத் தண்ணீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், அதற்கு நேர் கீழே செங்கல்லில் பச்சையாகப் பாசி ஒரு கோடாக இறங்கியிருந்தது. அப்புறம்தான் மாடிக்கு வந்தார். கட்டிலை நகர்த்தச் சொன்னார். கையடக்கமான ஒரு கருவி, முனையில் இரண்டு ஊசி. சுவரில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று காட்டும். வெளியே பாசி இருந்த அதே இடத்துக்கு உள்ளே வந்ததும் அந்த எண் தாவி ஏறியது. உள்சுவரில் வைத்தபோது இறங்கிவிட்டது. அந்த வீட்டுப் பெண் இரண்டு குளிர்காலமாகத் தன் சமையலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர், கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய வாசகத்தைச் சொல்கிறேன், இதில்தான் விஷயமே இருக்கிறது. "வீட்டில் பூஞ்சை, உதவுங்கள்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். "ஹவுசிங் ஆக்ட் 2004 சட்டப்படி இந்த வீட்டை ஆய்வு செய்யுங்கள், டாம்ப் அண்ட் மோல்ட் அபாயம் இருக்கிறது, மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது" என்று எழுதுங்கள். அந்தச் சட்டத்தின்கீழ் வீட்டு அபாயங்களை எடைபோட ஒரு முறை உண்டு, ஆங்கில எழுத்துகளில் ஹெச்.ஹெச்.எஸ்.ஆர்.எஸ். என்பார்கள். 2006-ல் நடைமுறைக்கு வந்தபோது அதில் 29 அபாயங்கள். கடும் குளிர், தீ, மின்சாரம், படியில் விழுவது என்று போகும் அந்தப் பட்டியலில் ஈரமும் பூஞ்சையும் உண்டு. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் இந்தக் குறையால் ஒருவருக்குக் கேடு வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு மோசமாக இருக்கும் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் யாரை மனத்தில் வைத்துப் போடுகிறார்கள் தெரியுமா? பதினான்கு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளை. அதனால்தான் குழந்தையின் வயதை முதல் வரியிலேயே எழுதச் சொல்கிறேன்.

மதிப்பெண் ஓர் எல்லையைத் தாண்டினால் அது "கேட்டகரி ஒன்". அப்போது கவுன்சிலுக்கு வேறு வழியில்லை, நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்குக் கீழே என்றால் "கேட்டகரி டூ". அதில் அவர்களுக்கு அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை. ஆய்வு முடிந்ததும் எந்த வகை என்று எழுத்தில் கேளுங்கள். பலர் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள், பின்னால் அதுதான் இடிக்கிறது.

எந்த மேசைக்கு எழுதுவது என்பதிலும் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். கவுன்சில் தளத்தில் "ஹவுசிங் ரிப்பேர்ஸ்" என்று இருப்பது கவுன்சிலுக்குச் சொந்தமான வீடுகளுக்கு. "ஹோம்லெஸ்" என்று இருப்பதும் உங்களுக்கல்ல. தனியார் வாடகை வீடுகளைப் பார்க்கும் பிரிவின் பெயர் பெரும்பாலும் "பிரைவேட் ஹவுசிங்" அல்லது "பிரைவேட் செக்டர் ஹவுசிங்". சில இடங்களில் நேரடியாக என்விரான்மென்டல் ஹெல்த். லண்டனில் உங்கள் பரோ (நகரின் நிர்வாகப் பகுதி) கவுன்சிலே எல்லாவற்றையும் பார்க்கும். லண்டனுக்கு வெளியே இரண்டு அடுக்குக் கவுன்சில் உள்ள ஊர்களில் இருப்பவர்கள் கவனிக்கவும்: இது டிஸ்ட்ரிக்ட் அல்லது பரோ கவுன்சிலின் வேலை, கவுன்டி கவுன்சிலுக்கு எழுதினால் நாள் வீணாகும்.

அதற்கு முன் ஓனருக்கு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். போனில் பேசியது கணக்கில் வராது. இன்றே ஒரு மின்னஞ்சல், அது முடியாவிட்டால் வாட்ஸ்அப். எந்தச் சுவர், எப்போதிலிருந்து, முதலில் எப்போது சொன்னேன், குழந்தைக்கு என்ன உடம்பு. படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்து எடுத்தால் எவ்வளவு பெரியது என்று தெரியும். வாரம் ஒருமுறை அதே இடத்தில் அதே கோணத்தில் எடுங்கள். குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் குழந்தையைக் காட்டும்போது வீட்டில் பூஞ்சை இருப்பதைச் சொல்லிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பூஞ்சையைத் துடைக்கலாமா என்று கேட்பீர்கள். துடைக்கலாம், குழந்தை படுக்கும் இடம் அல்லவா. ஆனால் முதலில் படம், அப்புறம் துடைப்பு, அந்த நேரம் குழந்தை வேறு அறையில். பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். ஓனர் ஆள் அனுப்பி அடிக்கச் சொன்னாலும் "முதலில் காரணத்தைப் பாருங்கள்" என்று எழுதுங்கள்.

பெயின்ட் விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஒரு குழந்தை. ராச்டேல் ஊரில் அவாப் இஷாக், சூடானிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. தகப்பனார் 2017-லேயே பூஞ்சை பற்றிச் சொன்னார், வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டு நிறுவனம் மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னது. 2020 டிசம்பரில், இரண்டாவது பிறந்த நாள் முடிந்து சில நாளில், பிள்ளை மூச்சுக்கோளாறில் இறந்துபோனான். அந்த வீட்டின் பூஞ்சையே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை சொன்னது. குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று தாங்களாகவே முடிவு செய்துவிட்டதை அந்த வீட்டு நிறுவனமே ஒப்புக்கொண்டது. உங்கள் ஓனர் சொல்லும் "கொதிக்கவைக்கிறீர்கள்" என்ற பேச்சை நான் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறான்.

அவன் பெயரில் வந்த "அவாப் லா" 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் இருக்கிறது. ஆபத்தான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் பார்க்க வேண்டும், உயிருக்கு அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும் என்கிறது. ஆனால் இது கவுன்சில் வீடுகளுக்கும் ஹவுசிங் அசோசியேஷன் என்ற லாபநோக்கற்ற நிறுவனங்களின் வீடுகளுக்கும் வந்த சட்டம். தனியார் வீடுகளுக்கு நீட்டிக்க 2025-ன் ரென்டர்ஸ் ரைட்ஸ் ஆக்டில் இடம் வைத்திருக்கிறார்கள். அதுவரை தனியார் வாடகைக்காரருக்குக் கைகொடுப்பது நான் மேலே சொன்ன 2004 சட்டம்தான்.

அதிகாரி வர நாள் குறித்தால் உங்களுக்கு முன்னதாகச் சொல்வார். ஓனர் வந்து நிற்கலாம், பயப்படாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பெரிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அவர்களையே பேசவைக்கிறார்கள், அது வேண்டாம். தன் வீட்டு அவலத்தை ஒரு பிள்ளை மூன்றாம் மனிதரிடம் விளக்கும்படி ஆகக் கூடாது. அன்றைக்கென்று வீட்டைப் பளபளவென்று துடைத்து வைப்பது நம் வழக்கம். பாத்திரத்தைத் துலக்குங்கள், சுவரைத் துடைக்க வேண்டாம். அலமாரியை மட்டும் நகர்த்தத் தோதாக வையுங்கள்.

பார்த்த பிறகு பெரும்பாலும் முதலில் ஓனருக்கு ஒரு கடிதம் போகும். நிறையப் பேர் அதற்கே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். கேட்காவிட்டால் "இம்ப்ரூவ்மென்ட் நோட்டீஸ்". என்ன வேலை, எந்த நாளுக்குள் என்று அதில் இருக்கும். கொடுத்த நாளிலிருந்து 28 நாளுக்கு முன் வேலையைத் தொடங்கச் சொல்ல முடியாது, அப்பீல் செய்ய ஓனருக்கு 21 நாள் உண்டு. அதனால் நோட்டீஸ் வந்த மறுவாரமே சுவர் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடனடி ஆபத்து என்றால் கவுன்சிலே ஆள் வைத்துச் செய்து ஓனரிடம் பணம் வசூலிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. நோட்டீஸை மீறினால் வழக்கு, இல்லையென்றால் அபராதம். 2017-ல் அந்த அபராதத்தின் உச்சத்தையே 30,000 பவுண்டு என்று வைத்தார்கள்.

கவுன்சில் தூங்கினால்? ஆள் பற்றாக்குறை எல்லா ஊரிலும் உண்டு, அது நிஜம். புகார் எண்ணைப் போட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரை நேரில் பாருங்கள், அவர்கள் மக்களைச் சந்திக்க நாள் ஒதுக்கியிருப்பார்கள், விசாவெல்லாம் கேட்க மாட்டார்கள். அதன் பிறகும் அசையாவிட்டால் கவுன்சிலின் முறையான புகார் வழி, அதுவும் முடிந்தால் கவுன்சில்கள் மீதான புகாரை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் ஆம்புட்ஸ்மேன், செலவில்லை. இன்னொரு தனி வழியும் உண்டு. 2018-ல் வந்து 2019 மார்ச் 20-ல் நடப்புக்கு வந்த வாழத்தகுதிச் சட்டப்படி கவுன்சிலை எதிர்பார்க்காமல் நீங்களே ஓனர்மேல் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கு முன் ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்புகளில் பேசிக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் ஹாம் இருப்பது நியூஹாம் பரோவில், அதனால் உங்களுக்கு ஒரு கூடுதல் ஆயுதம் இருக்கிறது. 2013 ஜனவரி 1-ல் பரோ முழுக்கத் தனியார் வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கிய முதல் கவுன்சில் இது. இன்றும் பெரும்பாலான வார்டுகளில் லைசென்ஸ் வேண்டும். உங்கள் முகவரிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கவுன்சிலின் பதிவேட்டில் பாருங்கள். இல்லையென்றால் ஓனர் தப்பில் இருக்கிறார். கட்டிய வாடகையைத் திருப்பிக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமைகூட உங்களுக்கு வரும். இருந்தால், லைசென்ஸ் நிபந்தனைகளை மீறுகிறாரா என்று கேட்கலாம். அரசின் தளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் அந்த வீட்டின் எரிசக்திச் சான்றிதழும் இலவசமாகத் தெரியும். எஃப் அல்லது ஜி தரத்தில் இருக்கும் வீட்டை, விதிவிலக்கு பதிவு செய்யாமல், வாடகைக்கு விடவே கூடாது.

காலி பண்ணச் சொல்வாரா என்று கேட்டீர்கள். காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்கும் 21-ம் பிரிவு 2026 மே 1-ஓடு போய்விட்டது. இனி சட்டத்தில் சொன்ன காரணம் ஒன்றைக் காட்டி, கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். "விற்கப் போகிறேன்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் நீங்கள் குடிவந்த முதல் ஒரு வருடத்துக்குள் அந்தக் காரணத்தால் வெளியேற்ற முடியாது, நான்கு மாத நோட்டீஸ் வேண்டும், அந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டு ஒரு வருடத்துக்கு அந்த வீட்டை மறுபடி வாடகைக்கு விட முடியாது. பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது எல்லாம் 1977-ன் சட்டப்படிக் குற்றம், போலீஸைக் கூப்பிடலாம். ஆனால் ஒன்று, கைகூப்பிச் சொல்கிறேன்: கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். நியாயமெல்லாம் உங்கள் பக்கம் இருந்த வழக்குகள் வாடகை பாக்கியால் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஓனர் கையில் நாமே காரணத்தைக் கொடுத்தாற்போல் ஆகிவிடும்.

மோட்டார் சத்தம். இது அதே துறையின் வேறு அணி, 1990-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். இத்தனை டெசிபல் தாண்டினால்தான் என்று ஒரு கோடு இதில் இல்லை. சாதாரண மனிதர் தன் வீட்டில் நிம்மதியாக இருக்க முடிகிறதா என்பதை அதிகாரி தம் காதால் கேட்டு முடிவு செய்வார். அதனால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது, எந்த அறையில், குழந்தை எழுந்ததா. "தினமும் ரொம்பச் சத்தம்" என்பதைவிட "செவ்வாய் 12.40, படுக்கையறைத் தரை அதிர்ந்தது, மேசையில் டம்ளர் நடுங்கியது" என்பதற்கு மதிப்பு அதிகம். தரை அதிர்கிறது என்றால் மோட்டாரை ரப்பர் தாங்கி இல்லாமல் சுவரோடு முடுக்கியிருக்கலாம், அது சின்னச் செலவில் தீரும் வேலை. இன்னொன்று பலருக்குத் தெரியாது. இரவு 11 முதல் காலை 5 வரை சூடான சாப்பாடு விற்க 2003 சட்டப்படித் தனி லைசென்ஸ் வேண்டும். அந்தக் கடைக்கு எத்தனை மணி வரை அனுமதி என்று லைசென்சிங் பிரிவில் கேளுங்கள். அனுமதி இருந்தாலும், தொல்லை தொடர்ந்தால் அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் குடியிருப்பவரே மனுக் கொடுக்கலாம்.

எலிக்கு 1949-லிருந்தே சட்டம் இருக்கிறது, தம் எல்லையில் எலி இல்லாமல் பார்த்துக்கொள்வது கவுன்சிலின் பொறுப்பு. ஆனால் வீட்டுக்குள் வந்து மருந்து வைக்கப் பல கவுன்சில்கள் கட்டணம் கேட்கும், அது ஓனர் கட்ட வேண்டியதா என்று முதலில் கேளுங்கள். எது என்று தெரிந்து சொல்லுங்கள்: எச்சம் சீரகம் போல இருந்தால் சுண்டெலி, உலர்ந்த திராட்சை அளவு என்றால் பெரிய எலி. சுண்டெலிக்கு ஒரு பேனா நுழையும் ஓட்டை போதும். சிங்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடத்தைப் பாருங்கள், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து அடைத்தாலே பாதி நின்றுவிடும். சந்தில் எலி வருவது கடையின் மூடாத தொட்டியால் என்றால் உணவுப் பாதுகாப்பு அணிக்குத் தெரிவியுங்கள். இதில் அவர்கள் வேகமாக வருவார்கள். உடனடி ஆபத்து என்று கண்டால் கடையை அன்றே மூடி, மூன்று நாளுக்குள் கோர்ட்டுக்குப் போவார்கள்.

கடைசியில் உங்கள் இட்லி மாவு. நல்ல யோசனை, ஆனால் சுவர் சரியாகட்டும், அப்புறம் தொடங்குங்கள். ஈரமும் எலியும் இருக்கும் வீட்டில் தொடங்கினால் முதல் ஆய்விலேயே மனசு உடைந்துவிடும். வாடகை ஒப்பந்தத்தில் வீட்டில் தொழில் செய்யலாமா என்றும் பாருங்கள். விற்பனை தொடங்க 28 நாள் முன்பே கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை, மறுக்கவும் மாட்டார்கள். பதியாமல் வாட்ஸ்அப் குழுவில் விற்பவர்கள் நம்மில் நிறைய, நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். அதிகாரி வந்து பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பார். கை கழுவும் இடம், ஃபிரிட்ஜ் 8 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா, எழுதி வைக்கும் பழக்கம் உண்டா என்று பார்ப்பார். "சேஃபர் ஃபுட் பெட்டர் பிசினஸ்" என்ற ஏட்டை உணவுத் தர நிறுவனமே இலவசமாகத் தருகிறது, அதைப் பூர்த்தி செய்து வைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நம் சமையலில் தடுக்கி விழும் இடம் ஒவ்வாமைப் பட்டியல். இங்கே 14 பொருள்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடுகும் எள்ளும் அதில் இருக்கின்றன. தாளித்த சட்னியில் கடுகு, பொடியில் எள், மேலே ஊற்றும் நல்லெண்ணெயும் எள்தான். யாரும் நினைத்துப் பார்க்காதது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கோதுமை ஆகாதவர் "அரிசியும் உளுந்தும்தானே" என்று நம்பி உங்கள் பொடியை வாங்கிச் சாப்பிடுவார். 2021 அக்டோபர் முதல், முன்கூட்டியே பொட்டலம் போட்டு அதே இடத்தில் விற்கும் உணவிலும் எல்லாப் பொருள்களையும் எழுதி, இந்தப் பதினான்கையும் அழுத்தமான எழுத்தில் காட்ட வேண்டும். எள் இருப்பதை அட்டையில் எழுதாத ஒரு சாண்ட்விச்சால் 2016-ல் நட்டாஷா என்ற பதினைந்து வயதுப் பெண் இறந்ததற்குப் பிறகு வந்த சட்டம் அது.

இன்று இரவு குழந்தை தூங்கியதும் ஓனருக்கு அந்த மின்னஞ்சலை மட்டும் அனுப்பிவிடுங்கள். குழந்தையின் கட்டிலை வெளிச்சுவரிலிருந்து விலக்கி உள்சுவர்ப் பக்கம் போடுங்கள். இருமலோடு மூச்சு வாங்கினால் ஜி.பி.க்குக் காத்திருக்காமல் மருத்துவ ஆலோசனை எண் 111-ஐக் கூப்பிடுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ பேச முடியாமல் திணறினாலோ அவசர எண் 999. ஓனர் ஒரு வாரத்தில் என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்து, கவுன்சிலுக்கு அனுப்பும் கடிதத்தை அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள், வாசகத்தைச் சரிபார்த்துத் தருகிறேன். ஆய்வுக்கு நாள் குறித்ததும் சொல்லுங்கள். அன்று வேலை நேரமாக இருந்தாலும் போனில் இருப்பேன்.